துப்பாக்கி வரைபடம்: நிறம் மாறிய மாநிலங்கள்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நியூ ஜெர்சியிலிருந்து பெரியம்மா மகன் அண்ணன் கூப்பிட்டார். பதினெட்டு வருடமாக எடிசனில் இருப்பவர். குடியுரிமையும் வாங்கியாயிற்று. இப்போது கம்பெனி அவரை டல்லாஸ் பக்கம் மாற்றுகிறது. வீட்டு விலை, பள்ளிக்கூடம், வெயில் என்று பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் குரலைத் தாழ்த்தினார். "டேய், நீதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பியே. அங்க துப்பாக்கி வாங்குறது ரொம்ப ஈஸியாமே, நெசமா? எந்தெந்த ஸ்டேட்ல எப்படின்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு."

அவர் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்ததிலிருந்து இந்த யோசனை. பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லு தம்பி." வீட்டில் பதினைந்து வயதுப் பையன் இருக்கிறான். அண்ணி எதை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

லிஸ்ட் போடுவது பெரிய வேலை இல்லை. இணையத்தில் இதற்கென்றே வரைபடங்கள் உண்டு. துப்பாக்கி ஆதரவாளர்கள் போடுவது ஒன்று, எதிர்ப்பாளர்கள் போடுவது ஒன்று. இரண்டும் ஒரே தகவலைத்தான் சொல்லும், நிறம் மட்டும் தலைகீழ். ஒருவருக்குப் பச்சை என்றால் மற்றவருக்குச் சிவப்பு. டெக்சாஸ், அரிசோனா, மிசிசிப்பி ஒரு பக்கம். நியூ யார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் மறு பக்கம். நானும் ஒரு எக்செல் தாளில் 50 மாநிலங்களை வரிசையாக அடித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி கேட்கவில்லை. பக்கத்தில் இன்னும் சில பத்திகள் சேர்த்தேன்: 1850, 1880, 1910, 1967, 1985, 2024. அந்தந்த வருடத்தில் ஒரு மனிதர் கைத்துப்பாக்கியோடு தெருவில் நடந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. இரண்டு வாரம் அதிலேயே போயிற்று.

முதலில் இன்றைய நிலவரம். அமெரிக்காவில் "துப்பாக்கிச் சட்டம்" என்று ஒரே சட்டம் கிடையாது. வாஷிங்டன் போடும் சட்டங்கள் தரை மாதிரி. 1934இல் மெஷின் கன்களுக்குக் கட்டுப்பாடு, 1968இல் வியாபாரிகளுக்கு விதிகள், 1993இல் கடையில் வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை. அந்தத் தரைக்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் அதனதன் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொள்ளும். அண்ணன் இப்போது இருக்கும் நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்க உள்ளூர் போலீஸிடம் அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக. போகப்போகும் டெக்சாஸில் கடைக்குப் போய், படிவம் நிரப்பி, சோதனையில் தேறினால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சோதனையும் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதற்கும் அங்கே லைசென்ஸ் தேவையில்லை. இப்படி லைசென்ஸ் கேட்காத மாநிலங்கள் இப்போது 29.

இந்த வித்தியாசம் வெறும் காகித வித்தியாசம் இல்லை. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், ஆற்றுப் பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குக் கார் ஓட்டி வந்தார். அவரிடம் பென்சில்வேனியா கொடுத்த லைசென்ஸும் அதற்குரிய துப்பாக்கியும் இருந்தன. சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் போலீஸ் நிறுத்தியபோது அவராகவே சொன்னார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று. பென்சில்வேனியாவில் அப்படிச் சொல்பவர் பொறுப்பான குடிமகள். நியூ ஜெர்சியில் குற்றவாளி. மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை என்ற நிலைமை. கடைசியில் 2015இல் அன்றைய கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். இடையில் ஒரு ஆறு, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நம் ஆட்களுக்கென்று ஒரு விதியும் இருக்கிறது. நான் ஹெச்1பி விசாவில் டெக்சாஸில் மூன்று வருடம் இருந்தேன். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். ஆனால் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு! அதாவது மான் சுடப் பணம் கட்டி ஒரு சீட்டு வாங்கினால் கைத்துப்பாக்கிக்கும் கதவு திறக்கும். இதைத் தெரிந்துகொண்டு வேட்டைச் சீட்டு வாங்கிய ஒரு தெலுங்கு நண்பர் எனக்கு உண்டு. அவர் வாழ்நாளில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

அங்கே இருந்தபோது ஒரு பல் மருத்துவமனை வாசலில் ஒரு பலகை பார்த்தேன். பெரிய எழுத்தில் 30.06 என்று தொடங்கி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு பத்தி. துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்ற அறிவிப்பு அது. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண் 30.06. எழுத்துகள் குறைந்தது ஒரு அங்குல உயரம் இருக்க வேண்டும் என்றுகூட விதி உண்டு. வெளிப்படையாகத் தொங்கவிட்டு வருவதைத் தடுக்க 30.07 என்று இன்னொரு பலகை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கப் படை பயன்படுத்திய ரைபிள் தோட்டாவின் பெயரும் 30-06தான். இந்த ஊர் அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான் போல, கௌபாய் பரம்பரையாச்சே என்று நினைத்துக்கொண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

எக்செல் தாளில் முதலில் உடைந்தது இந்த எண்ணம்தான்.

கௌபாய் படங்களில் எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி தொங்கும். நிஜ டாட்ஜ் சிட்டியின் பிரபலமான புகைப்படம் ஒன்று இருக்கிறது, 1870களின் கடைசியில் எடுத்தது. அகலமான மண் தெரு, நடுவில் ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு பலகை. பலகையில் துப்பாக்கி எடுத்துச் செல்லக் கண்டிப்பான தடை என்று எழுதியிருக்கிறது. கூடவே ஏதோ ஒரு கசப்பு டானிக்குக்கு விளம்பரம். அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881 ஏப்ரலில் ஊர்ச் சபை போட்ட 9ஆம் எண் விதிப்படி, ஊருக்குள் வருபவர் ஆயுதத்தை லாயத்திலோ ஹோட்டலிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அதே வருடம் அக்டோபர் 26இல் ஓ.கே. கொரால் பக்கத்தில் நடந்த, நூறு படமாக வந்துவிட்ட அந்தச் சண்டை எதற்காக? ஊர் மார்ஷல் விர்ஜில் எர்ப், இந்த விதியை மீறி ஆயுதத்தோடு திரிந்தவர்களிடமிருந்து அதைப் பறிக்கப் போனார். அரை நிமிடத்தில் மூன்று பேர் செத்தார்கள். "சுதந்திரமான மேற்கு" என்பதன் சின்னமாக இன்று காட்டப்படும் சம்பவம், ஒரு துப்பாக்கித் தடையை அமல்படுத்தப்போன சம்பவம்.

சரி, மேற்கு போகட்டும். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்த முதல் மாநிலங்கள் எவை? நியூ யார்க் என்று நினைத்திருந்தேன். கென்டக்கியும் லூசியானாவும்! இரண்டும் 1813இல். பின்னால் டென்னசி, ஜார்ஜியா, அலபாமா என்று தெற்கத்தி மாநிலங்களாக வரிசையில் வருகின்றன. கௌரவச் சண்டைகள், பௌயி கத்தி, சாராயக்கடைத் தகராறு இவைதான் காரணம். அன்றைய தெற்கத்திக் கனவான் கண்ணில் வெளிப்படையாக ஆயுதம் தரிப்பது ஆண்மை, சட்டைக்குள் மறைப்பது கோழைத்தனம். நீதிமன்றங்களும் ஏறக்குறைய இந்த வாதத்தையே பேசின. கென்டக்கியில் மட்டும் ஒரு சறுக்கல். கைத்தடிக்குள் வாள் மறைத்து வைத்திருந்த ஒருவர் வழக்குப் போட, 1822இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. கென்டக்கிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1850இல் மாநில அரசியலமைப்பையே திருத்தி, மறைப்பதைத் தடை செய்ய அதிகாரம் உண்டு என்று எழுதிவைத்தார்கள். இன்றைக்கு கென்டக்கியில் லைசென்ஸே வேண்டாம்.

அடுத்து டெக்சாஸ். இங்கேதான் நான் அதிக நாள் நின்றேன்.

உள்நாட்டுப் போர் முடிந்து தெற்கு தோற்ற பிறகு, டெக்சாஸில் எட்மண்ட் டேவிஸ் என்ற குடியரசுக் கட்சிக்காரர் கவர்னரானார். அந்தக் காலத்துக் குடியரசுக் கட்சி லிங்கனின் கட்சி, விடுதலை பெற்ற அடிமைகளின் கட்சி. முகமூடி போட்டுக்கொண்டு கறுப்பின மக்களைக் கொல்லும் கும்பல்களை அடக்க வேண்டியிருந்தது. அவர் அமைத்த மாநிலப் போலீஸில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள். 1871 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது: கைத்துப்பாக்கி, குத்துவாள், பௌயி கத்தி எதையும் உடலில் சுமந்து திரியக் கூடாது, மறைத்தாலும் சரி, வெளியே தெரிந்தாலும் சரி. வீட்டிலும் சொந்தக் கடையிலும் வைத்துக்கொள்ளலாம். பயணிகளுக்கு விலக்கு. உடனடித் தாக்குதல் வரும் என்று நியாயமான அச்சம் இருந்தால் விலக்கு. மற்றவர்களுக்கு 25 முதல் 100 டாலர் அபராதம், ஆயுதம் பறிமுதல். ரைபிளுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் இந்தத் தடை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1872இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

டேவிஸ் சீக்கிரமே தோற்றார். பழைய தெற்கத்தி ஆட்கள் திரும்ப வந்தார்கள். அவர் போலீஸை 1873இலேயே கலைத்தார்கள், அவர் செய்த பலதையும் அழித்தார்கள். இந்தச் சட்டத்தை மட்டும் அழிக்கவில்லை. 1876இல் அவர்கள் எழுதிய மாநில அரசியலமைப்பே, குற்றத்தைத் தடுக்க ஆயுதம் தரிப்பதை ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. ஏன் வைத்துக்கொண்டார்கள்? விதியை எழுதியவன் கையை விட, அமல்படுத்துகிறவன் கைதான் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். எப்படியோ, டெக்சாஸில் சாதாரண மனிதர் கைத்துப்பாக்கியோடு தெருவில் நடப்பது 1871இலிருந்து 1995 வரை குற்றம். 124 வருடம்! என் தாளின் 1985 பத்தியில் டெக்சாஸ் நாட்டிலேயே கடுமையான மாநிலங்களில் ஒன்று. அந்த வருடம் டல்லாஸில் இருந்தவரை விட, கெடுபிடிக்குப் பேர்போன நியூ யார்க்கில் இருந்தவருக்காவது லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க ஒரு படிவம் இருந்தது.

அமல்படுத்துகிறவன் கை என்றேன். மற்ற தெற்கத்தி மாநிலங்களில் அந்தக் கை வெளிப்படையாகவே தெரிகிறது. போர் முடிந்த கையோடு 1865இல் மிசிசிப்பி போட்ட சட்டம், படையில் இல்லாத, உள்ளூர் வாரியத்தின் அனுமதி இல்லாத கறுப்பினத்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று இனத்தின் பெயர் சொல்லியே எழுதியது. 14ஆவது திருத்தம் வந்தபின் அப்படி எழுத முடியவில்லை. எழுத்து மாறியது. டென்னசி 1879இல் ராணுவ, கடற்படை மாடல் ரிவால்வர்களைத் தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. அந்த மாடல்கள் விலை கூடியவை. முன்னாள் தெற்குப்படை வீரர்கள் வீட்டில் ஏற்கனவே அவை இருந்தன. புதிதாகக் கூலி வாங்கத் தொடங்கிய கறுப்பினத் தொழிலாளி வாங்கக்கூடியது மலிவுத் துப்பாக்கி. சட்டத்தில் ஒரு வார்த்தை இனம் பற்றி இல்லை.

ஃப்ளோரிடா 1893இல் வின்செஸ்டர் போன்ற ரிபீட்டிங் ரைபிள்களுக்கு லைசென்ஸும் 100 டாலர் ஜாமீனும் கேட்டது. பிறகு கைத்துப்பாக்கியையும் சேர்த்தது. 1941இல் காரில் துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போனபோது, நீதிபதி புஃபோர்டு தன் தனிக் கருத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். டர்பன்டைன் காட்டிலும் மரம் அறுக்கும் முகாம்களிலும் வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளரை நிராயுதபாணியாக்கவே இது இயற்றப்பட்டது, வெள்ளையருக்குப் பொருந்தும் என்று யாரும் நினைத்ததே இல்லை, நடைமுறையில் பொருத்தவும் இல்லை என்று. குற்றஞ்சாட்டி எழுதவில்லை, எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்ற தொனியில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது அந்தச் சாதாரணத் தொனிதான் என்னவோ செய்தது.

1956 ஜனவரியில் அலபாமாவின் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே. அகிம்சைக்காரரான அவர் அப்போது துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அந்த நாட்டில் அன்றைக்கு அவரைவிட நியாயமான அச்சம் உள்ள மனிதர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இந்த இடத்தில் ஒரு சின்ன இலக்கணம். அமெரிக்க லைசென்ஸ் சட்டங்களில் இரண்டு வகை. ஒன்று, தகுதி இருந்தால் அதிகாரி "கொடுக்கலாம்". இன்னொன்று, தகுதி இருந்தால் "கொடுத்தே ஆகணும்". இந்த "லாம்"முக்கும் "ணும்"முக்கும் இடையில்தான் அமெரிக்கத் துப்பாக்கி அரசியலின் நூறு வருடம் அடங்கிக் கிடக்கிறது. கிங்குக்கு வாய்த்தது "லாம்".

வடக்கில் இந்த "லாம்"மின் பெரிய உதாரணம் நியூ யார்க்கின் சல்லிவன் சட்டம். 1911 ஜனவரியில் கிராமர்சி பார்க் பக்கத்தில் டேவிட் கிரஹாம் ஃபிலிப்ஸ் என்ற நாவலாசிரியரை ஒருவன் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டான். நகரமே கொதித்தது. டாமனி ஹால் அரசியல்வாதி "பிக் டிம்" சல்லிவன் சட்டம் கொண்டுவந்தார்: கைத்துப்பாக்கி வீட்டில் வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். யாருக்குக் கிடைக்கும் என்பது போலீஸ் கையில். பத்திரிகைகள் அப்போது இத்தாலியக் குடியேறிகளைக் காட்டிப் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம். அந்தச் சட்டத்தில் முதலில் உள்ளே போனவர்களில் ஒருவர் ஒரு இத்தாலியத் தொழிலாளி. மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுக்குப் பயந்து வைத்திருந்தேன் என்றார். ஒரு வருடம் சிறை.

கலிஃபோர்னியா கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 வரை அங்கே தோட்டா போட்ட துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி நடக்கலாம். ஓக்லண்டில் பிளாக் பாந்தர் கட்சியினர் அப்படி ஏந்திக்கொண்டு போலீஸ் ரோந்தைப் பின்தொடர்ந்தார்கள். டான் மல்ஃபோர்டு என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் தடை மசோதா கொண்டுவந்தார். மே 2ஆம் தேதி பாந்தர்கள் ஆயுதத்தோடு சாக்ரமெண்டோவில் சட்டமன்றத்துக்கே போனார்கள். ஜூலையில் மசோதா சட்டமானது. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்டு ரீகன்.

ஆக, இன்று துப்பாக்கி ஆதரவுக் கட்சியின் தெய்வமாக இருப்பவர்தான் கலிஃபோர்னியாவின் கெடுபிடிக்கு அடிக்கல் வைத்தவர்களில் ஒருவர். கட்டுப்பாடு வேண்டும் என்று பேசும் என் நண்பர்களுக்கும் இந்தப் பக்கங்கள் சங்கடமானவைதான். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நான் அடிப்படையில் அண்ணி கட்சி.

பிறகு எப்போது இன்றைய நிறம் வந்தது? 1980களில். என்.ஆர்.ஏ. என்ற துப்பாக்கிச் சங்கம் அதுவரை பெரும்பாலும் குறிபார்த்துச் சுடுபவர்கள், வேட்டைக்காரர்கள் சங்கம். 1977இல் சின்சினாட்டி மாநாட்டில் தீவிரக்காரர்கள் தலைமையைக் கவிழ்த்தார்கள். அப்புறம் அது முழு அரசியல் இயந்திரம். 1987இல் ஃப்ளோரிடாவில், மரியன் ஹேமர் என்ற பெண்மணி பல வருடம் முட்டி மோதியதன் பலனாக, "கொடுத்தே ஆகணும்" சட்டம் வந்தது. 1961இலேயே வாஷிங்டன் மாநிலம் போன்ற சிலர் இதைச் செய்திருந்தாலும், மற்றவர்கள் பார்த்து எழுதியது ஃப்ளோரிடாவைத்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் பாதி நாட்டுக்கு மேல் மாறிவிட்டது.

டெக்சாஸை மாற்றியது ஒரு மத்தியான வேளை. 1991 அக்டோபர் 16, கில்லீன் நகரில் ஒரு உணவகத்துக்குள் பிக்கப் வண்டியை மோதி நிறுத்திய ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசன்னா ஹப், தன் ரிவால்வரைச் சட்டத்துக்குப் பயந்து காரிலேயே விட்டு வந்திருந்தார். அவர் கண் முன்னால் அப்பா செத்தார், அம்மாவும் செத்தார். அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், சட்டத்துக்குக் கட்டுப்பட்டதற்கு என் பெற்றோர் விலை கொடுத்தார்கள் என்று. 1993இல் கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் மசோதாவைத் தடுத்தார். அடுத்த தேர்தலில் அவர் தோற்க, ஜெயித்த ஜார்ஜ் புஷ் 1995இல் கையெழுத்துப் போட்டார். ஹப் துப்பாக்கியால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா, யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் இடத்தில் நின்று பார்த்தால் அவர் கோபத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இந்த ஆராய்ச்சியில் என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது 2022ஆம் வருடத் தீர்ப்பு. நியூ யார்க்கின் 111 வருட "லாம்" உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தனக்குத் தனிப்பட்ட தேவை இருப்பதாக நிரூபித்தால்தான் வெளியே எடுத்துச் செல்ல லைசென்ஸ் என்பது விதி. 6க்கு 3 என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூடவே கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகியவற்றின் விதிகளும் விழுந்தன. எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். இனி எந்தத் துப்பாக்கிச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். அப்படியானால் நியூ யார்க் விதிக்கு வரலாற்றில் முன்னோடி உண்டா? உண்டு, தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. எது? 1871ஆம் வருட டெக்சாஸ் சட்டம்! நியாயமான அச்சம் இருந்தால் மட்டும் என்ற அதே வடிவம். அதையும் அதை ஆதரித்த 1872 தீர்ப்பையும் விதிவிலக்கு என்று சொல்லி தாமஸ் ஒதுக்கிவிட்டார். 124 வருடம் நின்ற சட்டம் விதிவிலக்கு ஆகுமா என்பது எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். நியூ யார்க்கின் கறுப்பின அரசு வக்கீல்கள், ஏழைகளுக்காக வாதாடுபவர்கள், இந்த வழக்கில் நியூ யார்க்குக்கு எதிராக மனுப் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் தங்கள் கட்சிக்காரர்களான கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும்தான் என்பது அவர்கள் வாதம்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னபோது, "வரலாறு கெடக்கட்டும்டா, இப்ப எது பாதுகாப்பு?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பத்தி சேர்த்தேன். 2021இல் லட்சம் பேருக்கு எத்தனை துப்பாக்கி மரணம் என்று நாட்டின் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட கணக்கு: மிசிசிப்பி 33.9, மாசசூசெட்ஸ் 3.4. பத்து மடங்கு. டெக்சாஸ் 15.6, கலிஃபோர்னியா 9. கெடுபிடிதான் காரணம், வறுமைதான் காரணம் என்று ஆளாளுக்குச் சண்டை போடலாம். இரண்டிலும் விஷயம் இருக்கிறது. என் கண் நின்றது வேறு எண்ணில். அந்த வருடம் நாடு முழுதும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830. அதில் தற்கொலை 26,328. பாதிக்கு மேல். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டு ஆளையே கொண்டுபோகிறது. அண்ணி எண்ணையெல்லாம் பார்க்காமலே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாக, என் தாளில் எல்லாப் பத்தியிலும் நிறம் மாறாத ஒரு மாநிலம் உண்டு. வெர்மாண்ட். வடகிழக்கு மூலையில் மலையும் பால்பண்ணையுமாக, ஆறரை லட்சம்கூட இல்லாத ஜனத்தொகை. அங்கே துப்பாக்கி எடுத்துச் செல்ல மாநில லைசென்ஸ் என்ற ஒன்று இருந்ததே இல்லை. ரட்லண்ட் நகரம் ஒருமுறை மேயரிடமோ போலீஸ் தலைவரிடமோ அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட்டுப் பார்த்தது. 1903இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அவ்வளவுதான், கதை முடிந்தது. லைசென்ஸ் இல்லா முறைக்கே ரொம்ப நாள் "வெர்மாண்ட் முறை" என்றுதான் பெயர். அரசியலில் அது இடதுசாரி மாநிலம். சோஷலிஸ்ட் பெர்னி சாண்டர்ஸ் 1990இல் காங்கிரஸுக்கு ஜெயித்ததில், எதிராளியைத் தோற்கடிக்க என்.ஆர்.ஏ. வேலை செய்ததற்கும் ஒரு பங்கு உண்டு. இடது என்றால் எதிர்ப்பு, வலது என்றால் ஆதரவு என்ற வரைபடம் இங்கே வேலைக்கு ஆகாது.

ஆனால் வெர்மாண்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2018இல் ஃபேர் ஹேவன் ஊர்ப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்தத் திட்டமிட்ட ஒரு இளைஞன் பிடிபட்டான். அதுவரை புதுச் சட்டம் வேண்டாம் என்றிருந்த குடியரசுக் கட்சி கவர்னர் ஃபில் ஸ்காட், சட்டமன்றப் படிக்கட்டில் நின்று, எதிர்ப்பாளர்கள் கூச்சல் போட, வயது வரம்பு, பின்னணிச் சோதனை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். 2023இல் இன்னொன்று: துப்பாக்கிக்குப் பணம் கட்டியபின் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தற்கொலையைத் தடுப்பதற்காக.

டல்லாஸ் பக்கம் வீடு பார்த்துவிட்டு வந்த அன்று இரவு மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை போனை வாங்கியது அண்ணி. தாளை அனுப்பியிருந்தேன், பார்த்திருக்கிறார். நிறங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, டெக்சாஸ்ல அந்த மூணு நாள் கணக்கு உண்டா?"

"இல்ல அண்ணி."

"காசு கட்டுன அன்னிக்கே கையில குடுத்துருவாங்களா?"

"சோதனையில பாஸாயிட்டா, ஆமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, உங்க அண்ணன்கிட்ட குடுக்குறேன். இதை நீயே சொல்லு" என்று போனைக் கொடுத்தார்.